தூய்மையே அரண்

தனித்தமிழ் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே முகஞ்சுளிப்பார் இந்நாட்டில் இன்றும் பலர் உளர். தூய்மை ஏட்டளவில் இனிக்கும், நடைமுறைக்கு ஒவ்வாது, வந்ததையெல்லாம் வாரி வைத்துக்கொள்வதே வளர்ச்சி, கலப்பே ஆற்றல், களைதல் குறுகிய உள்ளத்தின் வேலை - இவையே அவர்தம் வழக்கமான கூற்றுகள். இவற்றுக்கு மொழிநூல் வழியாகவும் வரலாற்று வழியாகவும் 1916 முதல் மறுமொழி கூறப்பெற்றே வந்துள்ளது. மொழியாராய்ச்சி என்றாலே செவிபொத்திக்கொள்ளும் அவர்கள், தாம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் கணிப்பொறித் துறையிலிருந்தே ஒரு சான்று காட்டப்பெறின், அதனை அத்துணை எளிதில் தள்ளிவிட இயலாது.

அச்சான்று கனடா நாட்டின் கால்கரி நகரிலிருந்து வருவது, ஓப்பன் பி.எசு.டி. என்பது அதன் பெயர். அஃதோர் இயங்குதளம், அஃதாவது, கணிப்பொறியின் வன்பொருளுக்கும் அதன்மேல் ஓடும் நிரல்களுக்கும் இடையே நின்று அனைத்தையும் ஆளும் அடிப்படை மென்பொருள். அதற்குக் கடைத்தெருவில் விளம்பரம் இல்லை. பின்னே கோடிகளைக் கொட்டும் முதலாளியும் இல்லை. உலகின் பல மூலைகளில் இருக்கும் தன்னார்வலர் சிலர் கூடிச் செய்வது அது. எனினும், அவர்தம் பட்டறையில் வடித்த ஒரு கருவியைத் தொடாமல் இன்று இணையத்தின் வழங்கிகளுள் மிகப் பெரும்பாலானவற்றைத் தொலைவிலிருந்து ஆள முடியாது. இச்சிறு கூட்டத்திற்கு இத்துணை ஆற்றல் எங்கிருந்து வந்தது? ஒரே சொல்லில் விடை கூறின், தூய்மையிலிருந்து வந்தது. ஆனால் அத்தூய்மை முழக்கத்தால் வந்ததன்று. நாள்தோறும் செய்யப்பெற்ற களையெடுப்பால் வந்தது. ஈண்டுக் கருதத் தக்கது இவ்வேறுபாடே.

யூனிக்சு என்னும் இயங்குதளம் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தோன்றியது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலிக் கிளையார் அதனைக் கற்றனர், திருத்தினர், பெருக்கினர், இறுதியில் அதன் பெரும்பகுதியைத் தம் கையாலேயே மீண்டும் எழுதினர். அதன்பின்னும் பழைய உரிமை கொண்டாடி 1992-இல் அவர்கள்மேல் வழக்குத் தொடுக்கப்பெற்றது. 1994-இல் வழக்குத் தீர்ந்தபொழுது, ஏறத்தாழ 18,000 கோப்புகளுள் நீக்க வேண்டியதாகக் கண்டவை மூன்றே மூன்று. ஏனையவற்றுட் சிலவற்றில் சிறு திருத்தங்களும், ஓர் எழுபது கோப்புகளில் உரிமைக் குறிப்பும் போதியனவாயின. தம் உழைப்பால் மீண்டும் எழுதிக்கொண்டவரை எவரும் அடிமைகொள்ள இயலாது என்னும் பாடம் அன்றே புலப்பட்டது.

அப்பெர்க்கிலி மரபில் 1993-இல் தோன்றிய நெட் பி.எசு.டி. என்னும் அமைப்பின் நிறுவுநருள் ஒருவர் தியோ தெ இராட் என்பார். 1994 திசம்பரில் அவர் அதினின்று விலக நேர்ந்தது. 1995 அக்தோபரில் அவர் தனியே தொடங்கியதே ஓப்பன் பி.எசு.டி. 'ஓப்பன்' என்றால் 'திறந்தது' என்று பொருள். மூலநிரலின் வளர்ச்சியை உறுப்பினரல்லாதார் காணவியலாத காலம் அது. ஒவ்வொரு நாளும் யார் எந்த வரியை மாற்றினர், எதற்காக மாற்றினர் என்பதை எவரும் இணையத்தில் கண்டறியுமாறு முதன்முதலாகக் கதவைத் திறந்துவைத்தவர் இவர்களே. ஒளிப்பவன் குற்றம் செய்ய அஞ்சான். ஊரறியச் செய்பவன் ஒவ்வொரு வரிக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

1996-ஆம் ஆண்டு நடுவில் அவர்கள் ஒரு பெரும்பணியில் இறங்கினர். ஆறு முதல் பன்னிருவர் வரை கொண்ட ஒரு குழுவினர், இயங்குதளத்தின் இன்றியமையாத உறுப்புகள் அனைத்தையும் கோப்புக் கோப்பாக எடுத்து, வரி வரியாகப் படிக்கத் தொடங்கினர். பிறர், திருடன் உள்ளே நுழைந்தபின் அவன் நுழைந்த ஓட்டையை அடைப்பர். இவர்களோ, ஓட்டை என்று பெயர் பெறாத சிறு வழுவையும் விட்டுவைக்கவில்லை. தமிழிலக்கணத்தில் வழு உண்டு, வழாநிலை உண்டு, வழுவமைதி என ஒரு பொறுத்துக்கொள்ளுதலும் உண்டு. கால்கரிக்காரர் வழுவமைதியை ஏற்றிலர். இன்று தீங்கற்றதாகத் தோன்றும் வழு நாளை பகைவனுக்கு ஏணியாகும் என்பது அவர்தம் துணிவு. ஓரிடத்தில் ஒரு வகை வழு காணப்பெற்றால், அதே வகை வேறெங்கெல்லாம் உள்ளதென்று முழுநிரலையும் துருவிக் களைந்தனர். பின்னாளில் வேறிடங்களில் பேரோட்டைகள் என்று பறையறையப்பெற்றவை பல, இங்கே பல திங்கள் முன்னரே அமைதியாகத் திருத்தப்பெற்றிருந்தன.

அக்களையெடுப்பின் தன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். சி என்னும் நிரல்மொழியில் எழுத்துத் தொடர் ஒன்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் படியெடுக்கப் பழைய செயற்கூறு ஒன்று உண்டு. சேரிடத்தின் கொள்ளளவு என்னவென்று அது கேட்பதில்லை. குடம் நிறைந்த பின்னும் ஊற்றிக்கொண்டே இருக்கும் ஏவலன் போன்றது அது. வழிந்தோடும் அவ்வெழுத்துகளைக் கொண்டே கயவர் பிறர் பொறிகளைக் கைப்பற்றினர். இதற்கு மாற்றாக, கொள்ளளவைக் கேட்டு அவ்வளவே ஊற்றும் புதிய செயற்கூறுகளை ஓப்பன் பி.எசு.டி.யார் 1998-இல் வெளியிட்டனர். பழையவற்றைத் தம் நிரலெங்கும் பெயர்த்தெறிந்து புதியவற்றைப் பதித்தனர். இலினக்சின் அடிப்படை நூலகத்தை ஆள்வோர் அவற்றைத் தேவையற்றவை என்று பல்லாண்டு ஒதுக்கிவைத்தனர். 2023-இல் அவர்களும் ஏற்றுக்கொண்டனர். கால் நூற்றாண்டு கழித்தேனும் உலகம் தூய்மையின் வாயிலுக்கு வந்து நின்றது.

இவர்தம் அடுத்த கொள்கை, வேண்டாதது திறந்திருத்தலாகாது என்பது. இயங்குதளம் ஒன்றைப் பொறியில் நிறுவிய உடனே, கேட்டதும் கேளாததுமாகிய பணிகள் பத்துப் பதினைந்து தாமே ஓடத் தொடங்குவதே அக்காலத்து வழக்கம். ஒவ்வொன்றும் ஒரு திறந்த கதவு. ஓப்பன் பி.எசு.டி.யில் எல்லாக் கதவுகளும் அடைத்தே இருக்கும். எது வேண்டுமோ அதனை ஆள்வோன் தன் கையால் திறக்க வேண்டும். திறப்பதற்கு அவன் படித்தறிய வேண்டும். படித்தறிந்தவன் திறந்த கதவையும் காப்பான். நிறுவியவாறே விடப்பெற்ற நிலையில், தொலைவிலிருந்து நுழையத் தக்க ஓட்டை 2002 வரை ஆறாண்டுகளாக அதில் ஒன்றுகூடக் காணப்பெறவில்லை. 2002-இல் ஒன்றும் 2007-இல் ஒன்றும் காணப்பெற்றன. அவ்விரண்டையும் மறையாமல் தம் முகப்பு வரியிலேயே எண்ணிட்டுப் பொறித்துக்கொண்டனர் அவர்கள். தன் குற்றத்தைத் தானே எண்ணிச் சொல்லும் நேர்மையும் தூய்மையின் பாற்பட்டதே.

இனி, தனித்தமிழன்பர் தம் நெஞ்சிற் பதித்துக்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. இணையவழிச் செல்லும் செய்தி, சிறுசிறு பொதிகளாகப் பகுக்கப்பெற்றே செல்லும். எந்தப் பொதியை உள்ளே விடுவது, எதனை வாயிலிலேயே தடுப்பது என்று முடிவு செய்யும் காவல் நிரலுக்குத் தீயரண் என்று பெயர். தொடக்கத்தில் ஓப்பன் பி.எசு.டி. இதற்கெனப் பிறர் எழுதிய ஒரு நிரலை வாங்கிப் பயன்படுத்தி வந்தது. 2001 மே திங்களில், தம் இசைவின்றி எவரும் அந்நிரலை மாற்றி வழங்கலாகாது என்று அதன் ஆசிரியர் அறிவித்தார். பல்லாண்டு பழகிய நிரல். அதனை நம்பியே எண்ணற்றோர் வலையமைப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. உலகியலார் என்ன செய்திருப்பர்? இசைவு வேண்டிக் கைகட்டி நின்றிருப்பர். அல்லது கண்டுங்காணாமல் இருந்திருப்பர். கால்கரியிலோ, அத்திங்கள் முடியுமுன்னரே அந்நிரல் வேரோடு பிடுங்கி எறியப்பெற்றது. இயங்குதளம் சில நாள் தீயரண் இன்றியே நின்றது. சூன் திங்களில் தானியேல் ஆர்ட்மையர் என்னும் சுவிட்சர்லாந்து இளைஞர் புதிதாக எழுதிய தீயரண் உள்ளே சேர்க்கப்பெற்றது. 2001 திசம்பர் முதல் நாள் வெளிவந்த 3.0 பதிப்பில் அது நிறைவுற்று நின்றது. பி.எப். என்பது அதன் பெயர். பின்னாளில் பிரீ பி.எசு.டி., ஆப்பிள் நிறுவனத்தின் மாக்கு இயங்குதளம், சோலாரிசு ஆகியனவும் அதனையே வாங்கிக்கொண்டன.

இரவற்பொருளைக் களைந்தவன் இல்லாமற் போவான் என்பார் கூற்று, ஏழே திங்களில் பொய்த்தது. இரவல் வாங்கியவனே ஈவோன் ஆனான். ஆனால் மற்றொன்றையும் உடன் கருதுதல் வேண்டும். களைந்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. களைந்த இடத்தில் உடனே நட்டார்கள். நட்டதும், பிடுங்கியதினும் நன்றாகப் பயன்தருமாறு நட்டார்கள். களைதல் பாதி, நடுதல் மறுபாதி.

இவ்வாறே இன்னும் சில கூறலாம். ஒரு வாயிற்பொறி பழுதுற்றால் மற்றொன்று நொடியில் அதன் முகவரியை ஏற்றுக்கொண்டு பணியைத் தொடர்தற்கு நெறிமுறை ஒன்று இருந்தது. பெரிய வலைக்கருவி நிறுவனம் ஒன்று அதன்மேல் காப்புரிமை கொண்டாடியது. அதனைத் தீண்டாமல், மறையாக்கக் காப்பும் உடையதாகக் கார்ப்பு என்னும் தம் நெறிமுறையை வகுத்து, 2004-இல் வெளியிட்டனர் இவர்கள். உலக அமைப்பார் அதற்கு எண் ஒதுக்க மறுத்தபோதும் அவர்கள் பின்வாங்கவில்லை.

இனி, தொலைவிலுள்ள பொறியை ஆளுங்கால் கடவுச்சொல் அப்பட்டமாகக் கம்பிவழி ஓடிய காலம் ஒன்று இருந்தது. 1995-இல் பின்லாந்தின் எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடவுச்சொற்கள் களவு போனமையால், தாத்து இலோனன் என்பார் மறையாக்கம் செய்தனுப்பும் எசு.எசு.எச்சு. என்னும் கருவியை ஆக்கினார். நாளடைவில் அதன் உரிமம் இறுகியது. இறுகுமுன் வெளிவந்த பழம்பதிப்பை எடுத்து, களைந்து, திருத்தி, 1999 திசம்பரில் ஓப்பன் எசு.எசு.எச்சு. என வெளியிட்டனர் கால்கரிக்காரர். முதலிற் கூறிய கருவி இதுவே. இலினக்சிலும் மாக்கிலும் அதுவே உள்ளது; 2018-இல் விண்டோசும் அதனையே தன்னுள் ஏற்றது.

அயலார் பிடியில் அகப்படாமை என்னும் கொள்கையை அவர்கள் பணத்தின் முன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. மறையாக்க நிரல்களை நாட்டுக்கு வெளியே அனுப்புவதை அமெரிக்கச் சட்டம் படைக்கலம் போற்கட்டுப்படுத்தியிருந்த காலத்தில், கனடாவில் வேர்கொண்டிருந்தமையால் 1997-இலேயே வலையமைப்பு மறையாக்கத்தை இயங்குதளத்துள் சேர்த்து வழங்க இயன்றது. வன்பொருள் நிறுவனங்கள் பல, தம் கருவி இயங்கும் முறையைச் சொல்லாமல், உள்ளே என்னவென்று அறியவியலாத மூடிய இயக்கிகளைத் தந்து ஏற்றுக்கொள்ளச் சொல்லும். மற்றவர் நன்றியோடு வாங்கிக்கொண்டனர், இவர்கள் மறுத்தனர். திறந்து பார்க்கவியலாத நிரலுக்கு இயங்குதளத்தின் கருவகத்துள் இடமில்லை என்றனர்.

அமெரிக்கப் படைத்துறை ஆய்வு அமைப்பொன்றிலிருந்து, பல்கலைக்கழகம் ஒன்றின் வழியாக, இப்பணிக்கெனப் பொருளுதவி வந்துகொண்டிருந்தது. அத்திட்டத்தின் மொத்தத் தொகை 20 இலக்கம் தாலருக்கும் மேல். 2003-இல் ஈராக்கின்மேல் போர் மூண்டது. இப்பணத்தால் ஏவுகணை ஒன்றின் பாதியேனும் செய்யப்பெறாது போகும் என்று தம்மைத் தேற்றிக்கொள்வதாகத் தெ இராட் கனடியச் செய்தித்தாளொன்றில் கூறினார். ஏப்பிரல் திங்களில் உதவி நிறுத்தப்பெற்றது. அவர் சொன்ன சொல்லை மீட்டுக்கொள்ளவில்லை. மே திங்களில் கால்கரியில் நடக்கவிருந்த கூடுகையும் நின்றுவிடவில்லை. 2014 சனவரியில் பொறிகளுக்குரிய மின்கட்டணம் ஏறத்தாழ 20,000 தாலர் கட்ட வழியின்றிக் கதவடைக்கும் நிலை வந்ததென வெளிப்படையாகச் சொல்லி உதவி கேட்டனர். பயன்கொண்டோர் தாமே முன்வந்து அளித்தனர். உலகெங்கும் கோடிக்கணக்கான பொறிகளைக் காக்கும் கருவியைத் தந்தவர் மின்கட்டணத்துக்குக் கையேந்த நேர்ந்தது உலகின் இழுக்கே அன்றி அவர்தம் இழுக்கன்று.

களையெடுத்தும் கண்ணிற்படாத வழு இருக்கலாம் என்பதை அவர்கள் அறிவர். ஆகலின் அவ்வழு வெளிப்பட்ட நாளிலும் பகைவன் முன்னேற இயலாதவாறு அரணுக்குள் அரண் அமைத்தனர். நினைவகத்தில் எழுதத் தக்க இடத்தில் எதுவும் இயங்கலாகாது; இயங்கும் இடத்தில் எதுவும் எழுதலாகாது என்னும் கட்டுப்பாட்டை 2003-இல் கொண்டுவந்தனர். 2016 முதல், இயங்குதளத்தின் நிரல்கள் தொடங்கும்பொழுதே, இன்னின்ன வகைச் செயல்களையன்றிப் பிற செய்யேன் என்று கருவகத்திடம் உறுதிமொழி தருகின்றன. உறுதிமொழி பிறழ்ந்த நொடியே நிரல் கொல்லப்பெறும். 2018-இல், நிரல் தனக்குரிய கோப்புகளையன்றிப் பிறவற்றைக் காணவே இயலாதவாறு திரையிடும் முறை சேர்ந்தது. 2017 முதல், ஒவ்வொரு முறை பொறி தொடங்கும்பொழுதும் கருவகத்தின் உட்பகுதிகள் வரிசை மாற்றிக் கோக்கப்பெறுகின்றன. ஒரு பொறியின் அமைப்பை அறிந்தவன் அதைக்கொண்டு மற்றொன்றுள் நுழைய இயலாது.

இவ்வியங்குதளத்தை ஆள்வது அருமையோ எனின், அன்று. அழகிய படங்கள் இல்லை. எழுத்தாலான வினாக்கள் சிலவே. விடை கூறின் சில மணித்துளிகளில் பொறி அணியமாகும். முதன்முதல் உள்நுழையும் ஆள்வோனுக்கு ஒரு மடல் காத்திருக்கும். நிறுவியபின் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்னும் கையேட்டுப் பக்கத்தைப் படிக்குமாறு அது சொல்லும். கட்டளை ஒவ்வொன்றுக்கும், அமைப்புக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் கையேடு பொறியினுள்ளேயே உண்டு. நிரல் மாறினால் கையேடும் உடன் மாறியாக வேண்டும். கையேட்டுப் பிழையும் நிரற்பிழையாகவே கருதப்பெறும். ஆகலின் இணையத் தொடர்பு அறுந்த பொழுதிலும் கற்றவன் கலங்கான்.

இரண்டு வலைத்துளைகள் உடைய பழைய கணிப்பொறி ஒன்றே ஒரு நூல்நிலையத்துக்கோ அச்சகத்துக்கோ போதிய வாயிற்காவலாகும். தீயரணின் கட்டளைக் கோப்பில் முதல் வரி, அனைத்தையும் தடு என்பதாக இருத்தல் வேண்டும். அதன்பின், உள்ளிருப்போர் வெளியே செல்லலாம். வெளியிலிருந்து இன்ன வாயிலுக்கு மட்டும் வரலாம் என ஒவ்வொன்றாகத் திறத்தல் வேண்டும். கட்டளைகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்பெறும். இறுதியாகப் பொருந்திய கட்டளையே நிலைபெறும். 'குயிக்' என்னும் குறிப்புடைய கட்டளை பொருந்தின், அவ்விடத்திலேயே முடிவாகும். இம்முறையை மறந்து எழுதியவன் தான் திறந்த கதவைத் தானே அடைத்துக்கொண்டு வெளியே நிற்பான். தொலைவிலிருந்து ஆள்வோர்க்கு இவ்விடர் மிகுதி. எனவே, புதிய கட்டளைகளைச் செயற்படுத்துமுன் அவற்றில் எழுத்துப்பிழை உண்டோவெனப் பார்க்கும் வாய்ப்பைப் பயன்கொள்ளுதலும், பொறியின் அருகே ஒருவரை இருத்திக்கொள்ளுதலும் நன்று. கடவுச்சொல்லை ஊகித்து ஓயாமல் கதவு தட்டுவோர் முகவரிகளை ஒரு பட்டியலில் சேர்த்துத் தாமே தடுக்குமாறும் செய்யலாம். கடவுச்சொல்லை அறவே நீக்கித் திறவுகோல் முறையை மட்டும் கொள்வது அதனினும் சிறப்பு.

வலைப்பக்கம் வழங்கும் நிரல், மின்னஞ்சல் நிரல், பெயர்-முகவரி காட்டும் நிரல், நாழிகை ஒத்திசைக்கும் நிரல் ஆகியன இயங்குதளத்தோடேயே வருவன. வலைப்பக்க நிரல் தனக்கென வகுத்த அடைப்புக்குள் இருந்தே இயங்கும்; அதனைக் கைப்பற்றியவனும் அவ்வடைப்பைத் தாண்டி எதனையும் காணான். குப்பை அஞ்சலைத் தடுக்க ஒரு நுட்பம் உண்டு. முன்பின் அறியாத பொறி அஞ்சல் கொண்டுவரின், பின்னர் வா என்று திருப்பியனுப்பப்பெறும். முறையான அஞ்சற்பொறி குறைந்தது 25 மணித்துளி கழித்து மீண்டும் வரும்; குப்பை வீசுவோருட் பெரும்பாலோர் திரும்பி வாரார். பல முகவரிகளிலிருந்து மாறி மாறி அனுப்பும் பெரிய அஞ்சல் நிறுவனங்களை மட்டும் முன்னரே விலக்குப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். இன்றேல் நல்ல மடலும் நெடும்பொழுது காத்திருக்கும். நாள்தோறும் நள்ளிரவு கடந்தபின் பொறி தன்னைத் தானே ஆய்ந்து, இன்ன கோப்பு மாறியது, இன்ன உரிமை மாறியது என்று ஆள்வோனுக்கு மடல் விடுக்கும். ஆறு திங்களுக்கொரு பதிப்பு வரும்; அண்மைய இரு பதிப்புகளுக்கே திருத்தம் கிடைக்கும்; ஆகலின் ஓராண்டுக்குமேல் சோம்பியிருத்தல் ஆகாது. திருத்தங்களை இட ஒரு கட்டளையும், பதிப்பு உயர்த்த ஒரு கட்டளையும் உள்ளன. காவலன் உறங்கின் கற்கோட்டையும் காவாது.

இத்தூய்மை காலத்தின் தேர்வில் எவ்வாறு நின்றது? 2010 திசம்பரில், பத்தாண்டுகட்கு முன் அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர்க்காக மறையாக்க நிரலுள் கள்ளவாயில் வைக்கப்பெற்றதென ஒருவர் தெ இராட்டுக்குத் தனிமடல் எழுதினார். அவர் அதனை மறைக்கவில்லை. முழுமடலையும் ஊரறிய வெளியிட்டு, எவரும் நிரலை ஆய்ந்து பார்க்கலாம் என்றார். ஆய்ந்தோர் சில வழுக்களைக் கண்டு திருத்தினர், கள்ளவாயில் காணப்பெறவில்லை. 2014 ஏப்பிரலில், இணைய மறையாக்கத்துக்கு உலகமே நம்பியிருந்த ஓப்பன் எசு.எசு.எல். என்னும் பொது நூலகத்தில் பேரோட்டை ஒன்று வெளிப்பட்டது. ஓப்பன் பி.எசு.டி.யும் அந்நூலகத்தைக் கொண்டிருந்தமையால் அதற்கும் அவ்விடர் நேர்ந்தது. இரவலின் விலை அது. உடனே அதனைப் பிரித்தெடுத்துக் களையத் தொடங்கினர். முதற்கிழமையிலேயே 90,000 வரிகளுக்கு மேல் வெட்டி எறியப்பெற்றன. அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த பதிப்பில் இலிப்ரே எசு.எசு.எல். என்னும் தூய நூலகம் அதன் இடத்தில் அமர்ந்தது.

இன்னும் இரண்டு கூறின் போதும். ஒருவர் மற்றொருவர் உரிமையோடு கட்டளையிடப் பயன்படும் பெருநிரல் ஒன்றை நீக்கி, மிகச் சிறிய மாற்றொன்றை 2015-இல் வைத்தனர். 2021 சனவரியில், அப்பெருநிரலில் 2011 முதல் பத்தாண்டாக ஓர் ஓட்டை மறைந்திருந்தமை வெளிப்பட்டது. 2024 சூலையில் ஓப்பன் எசு.எசு.எச்சு. கருவியிலேயே ஓர் ஓட்டை அறிவிக்கப்பெற்றது. அது பிற தளங்களுக்கெனப் பெயர்த்த பதிப்பில் 2020-இல் புகுந்தது. இலினக்சுப் பொறிகளை அது தாக்கியது, ஓப்பன் பி.எசு.டி.யைத் தாக்கவில்லை. கரணியம், அவ்வகைத் தாக்குதலுக்கு இடந்தாராத ஒரு செயற்கூறு அங்கே 2001-இலேயே எழுதி வைக்கப்பெற்றிருந்தது. இருபத்து மூன்றாண்டுக்கு முன் நட்ட மரம் அன்று நிழல் தந்தது.

குறைகள் இல்லையோ எனின், உள. மிகப்பல செயலிகள் கொண்ட பெரும்பொறிகளில் இலினக்சின் விரைவு இதற்கில்லை. அதன் கோப்பமைப்பு பழைய முறையது. திடுமென மின்சாரம் நின்றால், மீண்டும் தொடங்குங்கால் வட்டு முழுமையும் சரிபார்க்க நெடும்பொழுது ஆகலாம். மின்வெட்டு உள்ள ஊர்களில் மின்கலச் சேமிப்பு இன்றி இதனை நடத்துதல் அறிவுடைமையன்று. புளூடூத்து நிரல் செம்மையற்றிருந்ததென்று 2014-இல் அறவே நீக்கப்பெற்றது. 2018-இல், செயலியின் ஓர் உள்ளகத்தை இரண்டாகக் காட்டும் நுட்பம் மறைபொருளைக் கசியவிடலாம் என்று கருதி, விரைவு குறைந்தாலும் குறைக என்று அதனை அணைத்துவைத்தனர். விரைவும் வசதியும் வேண்டுவோர் இவற்றைக் குறையென்பர். எதனை இழந்து எதனைக் காப்பது என்று தெரிந்து தெளிந்தவர் செயல் என்பதே பொருந்தும்.

இஃது அயல்நாட்டார் ஆக்கம் அன்றோ, தனித்தமிழர் இதனைப் போற்றலாமோ என்று வினவுவார் இருக்கலாம். கலையும் அறிவும் எங்கிருந்தும் கொள்ளத் தக்கவையே. அவற்றோடு வந்து ஒட்டிக்கொள்ளும் அடிமைத்தனமே கொள்ளத் தகாதது. கால்கரிக்காரரும் யூனிக்சைப் பிறரிடமிருந்தே பெற்றனர். ஆனால் பெற்றதைத் தமதாக்கிக்கொண்டனர். அவர்தம் உரிமமோ, ஆக்கியோன் பெயரை மட்டும் காத்து, எவரும் எடுக்கலாம், மாற்றலாம், தம் மொழியில் பெயர்க்கலாம் என்று கையை விரித்து வைத்துள்ளது.

தமிழன்பர் சிந்திக்க வேண்டியது இனித்தான் உள்ளது. தமிழிதழ்களும் அகரமுதலிகளும் நூற்றொகுதிகளும் இன்று எங்கே வாழ்கின்றன? பெரும்பாலும், அயல்நாட்டு நிறுவனங்கள் விலையின்றித் தந்த திண்ணைகளில் வாழ்கின்றன. அத்தகைய திண்ணைகளுள் ஒன்றாகிய சியோசிட்டீசு 2009-இல் மூடப்பெற்றபொழுது, அங்கே குடியிருந்த எண்ணற்ற பக்கங்களோடு தமிழ்ப் பக்கங்களும் மண்ணாயின. வீட்டுக்காரன் கதவடைத்தால் திண்ணைக்காரனுக்கு வழக்குரைக்கவும் உரிமையில்லை. தமிழ் தூயதாக எழுதப்பெறுவது மட்டும் போதாது. எழுதப்பெற்ற தமிழ் தமிழரால் காக்கப்பெறும் அரணுக்குள் இருத்தலும் வேண்டும்.

அதற்குக் கோடிப் பணம் வேண்டுவதில்லை. ஊர்தோறும் கணிப்பொறி கற்ற இளைஞர் உளர். அவருள் ஒவ்வொரு மன்றத்துக்கும் இருவர், வேண்டாமென எறியப்பெற்ற பழம்பொறி ஒன்றை எடுத்து, இவ்வியங்குதளத்தை நிறுவி, கையேட்டைப் பக்கம் பக்கமாகக் கற்று, மன்றத்தின் வாயிலையும் ஏட்டையும் தாமே காக்கலாம். அக்கையேடு இன்று ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. தீயரண் பற்றியும் மறையாக்கம் பற்றியும் அதில் உள்ளவற்றைத் தூய தமிழில் பெயர்த்தெழுதுவதைவிடச் சிறந்த தனித்தமிழ்த் தொண்டு இத்துறையில் வேறில்லை. சொற்பட்டியல்கள் போதிய அளவு வந்துவிட்டன; அச்சொற்களை இயங்கும் பொறிமேல் ஏற்றிப் பழக்கும் நூல்களே தேவை. பட்டியலில் உறங்கும் சொல் விதை. பயன்பாட்டில் வாழும் சொல்லே பயிர்.

தனித்தமிழ் இயக்கத்தார் தம்மையும் இவ்வளவைகொண்டு அளந்து பார்த்தல் வேண்டும். அயற்சொல் என்று சுட்டிக்காட்டி நின்றுவிடுவது எத்துணை? அதனைக் களைந்து, களைந்த அன்றே நல்ல தமிழ்ச்சொல்லை நட்டு, அது வேரூன்றும்வரை நீர்வார்த்தது எத்துணை? தாம் எழுதிய வரிகளைத் தாமே மீண்டும் எடுத்து வழுநோக்கியது எத்துணை? கால்கரிக் குழுவினர் 1996-இல் தொடங்கிய வழுநோக்கு இன்றும் முடியவில்லை. முடியாதென்பதும் அவர்க்குத் தெரியும். தூய்மை ஒருநாள் வெற்றியன்று. நாள்தோறும் பெருக்கும் வாயில் அது. பெருக்குவோர் சிலராயினும், பெருக்குதலை நிறுத்தாதவரை அவ்வீட்டுள் கள்வர் புகார். தமிழிளைஞர் முதலில் தம் பொறியின் வாயிலைப் பெருக்கத் தொடங்குக.